அங்கிள்னா யாரு? சீனர்கள் தடுமாறுற ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தை

சனிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர்ல நான் ஒரு சின்ன இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறேன், சீனாலேர்ந்து வந்து இங்க குடியிருக்கிறவங்களுக்கு. போன மாசம் குடும்பம் பத்தின பாடம். சிச்சுவான்லேர்ந்து வந்த ஒரு அம்மா, பேரப்பிள்ளைய பாத்துக்க வந்தவங்க, "திஸ் இஸ் மை அங்கிள்"னு படிச்சிட்டு பேனாவ கீழ வச்சிட்டாங்க. பக்கத்துல படம், மீசை வச்ச ஒருத்தர், அவர் கைய புடிச்சுக்கிட்டு ஒரு பையன். "லாவ்ஷி, இவரு ஷூஷுவா, ஜியோஜியோவா?"ன்னு கேட்டாங்க. லாவ்ஷின்னா டீச்சர். ஷூஷுன்னா அப்பாவோட தம்பி, ஜியோஜியோன்னா அம்மாவோட அண்ணன் தம்பி. தெரியலம்மா, புத்தகத்துல போடலன்னேன். "எழுதினவங்களுக்கு தெரியுமா?" அவங்களும் அத யோசிச்சிருக்க மாட்டாங்கன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பாத்துட்டு, "அந்தப் பையனுக்குக் கூடவா தெரியாது?"ன்னாங்க.

அந்தக் கேள்வி எனக்கு ரெண்டு நாள் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா அவங்க கேட்டது நியாயம்தான். போன்ல இருக்கிற டிக்ஷனரில அங்கிள்னு அடிச்சா சீனத்துல "ஷூஷு"ன்னு முதல்ல வருது, அத அப்படியே மனப்பாடம் பண்ணிடுறாங்க. நம்மளும் அதே தப்பத்தான் பண்றோம், அங்கிள்னா மாமான்னு ஒண்ணாங்கிளாஸ்லயே எழுதி வச்சிட்டோம். ரெண்டுமே பாதி சரி, பாதி தப்பு. இந்த ஒரு வார்த்தைய ஒழுங்கா புரிஞ்சிக்கிட்டா ஒரு மொழி எதைக் கேக்கும், எதைக் கேக்காம விடும்னு புரிஞ்சிரும், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல சோத்துலேர்ந்து ஆரம்பிப்போம்

வயல்ல நிக்கிறது நெல்லு. கடைல கிலோ கணக்குல வாங்குறது அரிசி. தட்டுல விழுறது சோறு. இந்த மூணையும் நம்ம யாரும் மாத்திச் சொல்ல மாட்டோம், "ஒரு கிலோ சோறு குடுங்க"ன்னு மளிகைக் கடைல கேட்டா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க. சீனத்துலயும் அப்படியேதான்: பயிரு தாவ், அரிசி மி, சோறு ஃபான். ஆனா இங்கிலீஷ்ல மூணுக்கும் ஒரே வார்த்தை, ரைஸ். அதுக்காக இங்கிலீஷ்காரனுக்கு நெல்லும் சோறும் ஒண்ணுதான்னு தெரியுதுன்னு அர்த்தமில்ல, கண்ணுக்குத் தெரியிற வித்தியாசம் அவனுக்கும் தெரியும். அவன் மொழி அத வார்த்தைல சொல்லியே ஆகணும்னு கட்டாயப்படுத்தல, அவ்வளவுதான். தேவைப்பட்டா கூட ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லிக்குவான்.

அங்கிளும் இந்த ரைஸ் மாதிரிதான். நம்ம மொழில, சீனத்துல, பல அறைகளா பிரிச்சு வச்சிருக்கிற ஒரு கூட்டத்த இங்கிலீஷ் ஒரே கூடைல போட்டு வச்சிருக்கு.

சீனம் கேக்குற மூணு கேள்வி

இப்போ ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிடுறேன். அப்பா, அக்கா, மாமா மாதிரி ஒரு ஆளு நமக்கு என்ன வேணும்ங்கிறத சொல்ற வார்த்தைக்கு உறவுமுறைச் சொல்னு பேரு. ஒவ்வொரு மொழியும் ஒரு உறவுமுறைச் சொல்ல வாயத் தொறந்து சொல்றதுக்கு முன்னாடி சில கேள்விகளுக்கு பதில் கேக்கும். பதில் தெரியலன்னா அந்த வார்த்தை வாயில வராது.

சீனம் கேக்குறது மூணு. அப்பா வழியா, அம்மா வழியா? கூடப் பொறந்தவரா, கல்யாணம் பண்ணி வந்தவரா? அப்பாவுக்கு மூத்தவரா, இளையவரா? இதுக்கு பதில் சொன்னா அஞ்சு பேரு வரும். அப்பாவோட அண்ணன் போபோ. அப்பாவோட தம்பி ஷூஷு. அம்மாவோட அண்ணன் தம்பி யாரா இருந்தாலும் ஜியோஜியோ. அப்பாவோட அக்கா தங்கச்சி வீட்டுக்காரர் கூஃபு. அம்மாவோட அக்கா தங்கச்சி வீட்டுக்காரர் யீஃபு. (ஊருக்கு ஊரு இந்தப் பேரெல்லாம் மாறும், வடக்குல ஒண்ணு தெக்குல ஒண்ணுன்னு சொல்லுவாங்க, நான் எழுதினது பள்ளிக்கூடப் புத்தகத்துல வர்ற பொதுச் சீனம்.) அண்ணன் தம்பி நிறைய பேரு இருந்தா நம்பர் போட்டுக்குவாங்க, ரெண்டாவது ஷூஷு, மூணாவது ஜியோஜியோன்னு.

நம்மகிட்டயும் கேள்வி இருக்கு, ஆனா நம்ம கோடு போடுற இடம் வேற. அப்பாவோட அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா, இது வரைக்கும் சீனமும் நம்மளும் ஒண்ணு. அதுக்கப்புறம் பாருங்க, அம்மாவோட அக்கா வீட்டுக்காரரும் நமக்கு பெரியப்பாதான், சித்தி வீட்டுக்காரரும் சித்தப்பாதான், அதாவது அம்மா பக்கத்து ஆளையும் "அப்பா"ங்கிற வரிசைலயே உக்கார வச்சிடுறோம். அந்தப் பக்கம் தாய்மாமனும் அத்தை வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே மாமா. சீனர்கள் இதக் கேட்டா ஆச்சரியப்படுவாங்க, அவங்களுக்கு யீஃபுவையும் ஷூஷுவையும் ஒரே பேர்ல கூப்பிடுறதுங்கிறது நினைச்சே பாக்க முடியாத விஷயம், ஏன்னா ஷூஷு நம்ம குடும்பப் பேரு உள்ள ஆளு, யீஃபு வேற குடும்பப் பேரு. நம்ம கணக்குல முக்கியம் யாரு வீட்டுல பொண்ணு எடுக்கலாம், யாரு வீட்டுல எடுக்கக் கூடாதுங்கிறது. சித்தப்பா பிள்ளை தங்கச்சி, மாமா பிள்ளை முறைப்பொண்ணு.

இதுவரைக்கும் சுருக்கமா: சீனம் அஞ்சு அறை, தமிழ் மூணு அறை, இங்கிலீஷ் ஒரே அறை. யாரு அறிவாளி யாரு முட்டாள்ங்கிறது இல்ல, எந்தக் கேள்வி கட்டாயம்ங்கிறதுதான் மாறுது.

ஏன் இவ்வளவு பிரிச்சாங்க

பேரு பிரிஞ்சதுக்கு காரணம் பொறுப்பு பிரிஞ்சது. நம்ம ஊர்ல காது குத்துறப்ப பிள்ளைய யாரு மடில உக்கார வைப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, தாய்மாமன் மடிலதான், சித்தப்பா எவ்ளோ பாசமா இருந்தாலும் அந்த எடம் அவருக்கு இல்ல. அவரவர் செய்யவேண்டியது வேற வேறன்னா அவரவர் பேரும் வேற வேறயாத்தான் இருக்கணும், ஒரே பேரு வச்சா பத்திரிகைல எப்படி போடுறது, சீரு யாரு கொண்டு வர்றது.

சீனாவுல இது சட்டத்துலயே எழுதி இருந்துச்சு. சொந்தத்துல ஒருத்தர் செத்துப்போனா எத்தன நாள் துக்கம் காக்கணும், எந்த மாதிரி முரட்டுத் துணி உடுத்தணும்னு அஞ்சு படி வச்சிருந்தாங்க. மிங், ச்சிங் ராஜ வம்சங்க ஆண்ட காலத்துல அப்பாவோட அண்ணன் தம்பிக்கு 1 வருஷ துக்கம், தாய்மாமனுக்கு 5 மாசம். ரெண்டு பேரும் "அங்கிள்"தானேன்னு அங்க போய் சொல்ல முடியாது, துக்கத்த கொறச்சா தண்டனை. குடும்பப் பேரு, சொத்து, மூதாதையர் வழிபாடு எல்லாம் அப்பா வழில போனதால அந்த வழி கனம், அம்மா வழி கொஞ்சம் வெளி. அம்மாவோட அப்பாவுக்கு அவங்க வச்சிருக்கிற பேரே வாய்கோங், அதுல வாய்னா வெளிய. கேக்குறதுக்கு மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா வார்த்தைல அப்படித்தான் இருக்கு.

இந்த இடத்துல நான் ரொம்ப சந்தோஷப்பட்ட ஒரு விஷயம் சொல்லணும். சீனத்தோட ரொம்பப் பழைய அகராதி ஏர்யா, கிமு 3ஆம் நூற்றாண்டு வாக்குல தொகுத்ததா கருதுறாங்க, அதுல 19 பகுதி, நாலாவது பகுதி முழுக்க உறவுமுறைதான். அதுல ஜியோங்கிற வார்த்தைக்கு தாய்மாமன்னு ஒரு அர்த்தம் போட்டு, கல்யாணமான பொண்ணுக்கு அவ புருஷனோட அப்பாவும் ஜியோதான்னு போட்டிருக்கு. அதே மாதிரி கூன்னா அத்தை, புருஷனோட அம்மாவும் கூ. மாமா, மாமனார், அத்தை, மாமியார். அப்படியே நம்ம வீடு! தாங் ராஜ வம்ச காலத்துக் கவிதை ஒண்ணுல கூட புதுப்பொண்ணு விடிஞ்சதும் "ஜியோகூ"வ, அதாவது மாமனார் மாமியார வணங்கப் போறதுக்காக அலங்காரம் பண்ணிக்கிட்டு நிப்பா. ஒரு காலத்துல சீனாவுலயும் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் வழக்கத்துல இருந்ததோட தடயம் இதுன்னு சில ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இப்போ அங்க புருஷனோட அப்பாவுக்கு கோங்கோங்னு தனிப் பேரு, ஜியோங்கிறது தாய்மாமனோட நின்னுபோச்சு.

இன்னொரு பக்கம், இந்த அஞ்சு அறைல பல அறை இன்னைக்கு காலியா இருக்கு. 1980 வாக்குல ஆரம்பிச்சு 2015 முடியிற வரைக்கும் இருந்த ஒரு குழந்தைத் திட்டத்துல பொறந்தவங்களுக்கு நகரங்கள்ல பெரும்பாலும் கூடப் பொறந்தவங்க கிடையாது. ஒத்தப் பிள்ளையும் ஒத்தப் பிள்ளையும் கல்யாணம் பண்ணிக்கிட்டா அவங்க பிள்ளைக்கு போபோவும் இல்ல ஷூஷுவும் இல்ல ஜியோஜியோவும் இல்ல. அந்தப் பேரெல்லாம் பாடப் புத்தகத்துலயும் பாட்டி வாய்லயும்தான். சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போறப்ப யாரை என்னன்னு கூப்பிடணும்னு தெரியாம முழிக்கிறவங்களுக்காக சில சீனா போன்ல கால்குலேட்டருக்குள்ளயே உறவுமுறைக் கணக்கு வச்சிருக்காங்க, "அப்பா, அம்மா, தம்பி"ன்னு வரிசையா தட்டினா என்ன பேரு சொல்லணும்னு விடை வரும். என் கிளாஸ்ல ஒரு தம்பி அத எடுத்துக் காட்டினப்ப எனக்கு முதல்ல வேடிக்கையா இருந்து அப்புறம் மனசு கனத்துப்போச்சு.

அங்கிளும் ஒரு காலத்துல தாய்மாமன்தான்

இதுதான் பலருக்குத் தெரியாதது. அங்கிள்ங்கிற வார்த்தை பொறந்தப்ப அது பொதுப் பேரு கிடையாது, துல்லியமா ஒரே ஒரு ஆளக் குறிச்ச பேரு.

ரோமாபுரில லத்தீன் பேசினவங்க நம்மள மாதிரியே பிரிச்சு வச்சிருந்தாங்க. அப்பாவோட அண்ணன் தம்பி பாத்ருவுஸ். அம்மாவோட அண்ணன் தம்பி அவுங்குலுஸ். அவுஸ்னா தாத்தா, அதோட செல்லமா குட்டிப்படுத்துற விகுதி சேந்து அவுங்குலுஸ், அதாவது "குட்டித் தாத்தா". தாய்மாமன குட்டித் தாத்தான்னு கூப்பிட்டிருக்காங்க, எவ்ளோ பாசம் பாருங்க. அதே ரோமானிய எழுத்துல பாத்ருவுஸ்னா கண்டிப்பா பேசுறவரு, புத்தி சொல்லித் திட்டுறவரு. அத்தைக்கு அமிதா, அம்மாவோட அக்கா தங்கச்சிக்கு மாதெர்தெரா, இப்படி பெண்கள் பக்கமும் பிரிவு இருந்துச்சு.

காலப்போக்குல லத்தீன் பேச்சுவழக்குல உடைஞ்சு பிரெஞ்சு ஆகுறப்ப பாத்ருவுஸ் வழக்கொழிஞ்சுபோச்சு. அவுங்குலுஸ் தேஞ்சு "ஓங்க்ள்"னு ஆகி, அப்பா பக்கத்து ஆளையும் சேத்துக்கிச்சு. ஒரு வார்த்தை தன்னோட பழைய சின்ன எல்லைய தாண்டி பெருசாகுறதுக்கு பொருள் விரிவுன்னு பேரு. எண்ணெய்ங்கிறது மொதல்ல எள்ளுலேர்ந்து எடுத்ததுக்கு மட்டும்தான் பேரு, எள் நெய், இப்போ தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய்னு எல்லாத்துக்கும் போகுதே, அதேதான் இது.

இங்கிலாந்துல அப்போ என்ன? பழைய இங்கிலீஷ்லயும் ரெண்டு பேரு இருந்துச்சு. தாய்மாமனுக்கு ஏயம், அப்பாவோட கூடப் பொறந்தவருக்கு ஃபேடெரா. 1066ல பிரான்ஸ் பக்கம் இருக்கிற நார்மண்டிலேர்ந்து வந்தவங்க இங்கிலாந்த புடிச்சாங்க, அரண்மனை, கோர்ட்டு, பெரிய வீடு எல்லாத்துலயும் பிரெஞ்சு பேச்சு, 1300 வாக்குல ஓங்க்ள் இங்கிலீஷ் எழுத்துக்குள்ள அங்கிள்னு வந்து உக்காந்துருச்சு. வந்தப்பவே அது விரிஞ்ச வார்த்தையாத்தான் வந்துச்சு, அதனால ரெண்டு சொந்தப் பேரையும் மெல்ல மெல்ல தள்ளிருச்சு. ஆன்ட்டியும் இதே கததான், அது அமிதாலேர்ந்து வந்தது, அதாவது ஆன்ட் மொதல்ல சுத்தமான அத்தை.

ஐரோப்பா முழுக்க இப்படின்னு நினைக்க வேண்டாம். சுவீடன்ல இன்னைக்கும் அப்பாவோட அண்ணன் தம்பிக்கு ஒரு பேரு, அம்மாவோட அண்ணன் தம்பிக்கு ஒரு பேரு, ஃபார்ப்ரோர், மோர்ப்ரோர்னு.

பழைய அர்த்தத்தோட ஒரு துண்டு இங்கிலீஷ்ல இன்னும் ஒளிஞ்சிருக்கு. வயசான ஒருத்தர் கனிவா, சிரிச்ச முகமா, சின்னவங்கள அரவணைச்சுப் பேசினா அவர "அவங்குலர்"னு சொல்லுவாங்க. அதுக்குள்ள இருக்கிறது அந்த அவுங்குலுஸ், தாய்மாமன். திட்டுற பாத்ருவுஸ்லேர்ந்து அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல இல்ல.

சுருக்கமா: அங்கிள் = தாய்மாமன்னு ஆரம்பிச்சு, பிரெஞ்சுல விரிஞ்சு, இங்கிலீஷுக்கு வந்து எல்லாரையும் விழுங்கிருச்சு. அப்போ அங்கிள்னா ஷூஷுன்னு சீன டிக்ஷனரி முதல்ல போடுறது வரலாற்றுப்படி பாத்தா தலைகீழ், ஜியோஜியோன்னு போட்டிருந்தா கூட வேருக்குப் பக்கத்துல இருந்திருக்கும்.

மொழிபெயர்க்கிறவங்க படுற பாடு

கூடைலேர்ந்து அறைக்கு மாத்துறதுதான் கஷ்டம், ஏன்னா தகவல் கைல இருக்காது, போய்த் தேடணும். ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் எழுதின வான்யா நாடகம் இங்கிலீஷ்ல "அங்கிள் வான்யா". சீனத்துல அதோட பேரு "வன்னியா ஜியோஜியோ". ஏன் ஷூஷு இல்லன்னா, நாடகத்துல வர்ற சோன்யாங்கிற பொண்ணுக்கு வான்யா செத்துப்போன அம்மாவோட கூடப் பொறந்தவர். தலைப்ப எழுதுறதுக்கு முன்னாடி கதைக்குள்ள போய் சொந்தத்த விசாரிச்சிருக்காங்க. தமிழ்ல போட்டாலும் "வான்யா மாமா"ன்னுதான் போட முடியும், சித்தப்பான்னு போட்டா கதையே கெட்டுப்போயிரும்.

ஹாரி பாட்டர்ல வர்ற அங்கிள் வெர்னன் சீனத்துல யீஃபு. அவர் பொண்டாட்டி பெட்டூனியா ஹாரியோட அம்மாவுக்கு கூடப் பொறந்தவங்கன்னு முதல் அத்தியாயத்துலயே வந்துருது, சீனத்துக்கு அது போதும். நமக்கு போதாது! பெட்டூனியா அக்காவா தங்கச்சியான்னு தெரிஞ்சாத்தான் வெர்னன் பெரியப்பாவா சித்தப்பாவான்னு சொல்ல முடியும். 1997ல வந்த முதல் புத்தகத்த கைல வச்சுக்கிட்டு அந்த ஒரு வார்த்தைக்கு ஒருத்தர் எவ்ளோ நேரம் உக்காந்திருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. 2007ல வந்த கடைசிப் புத்தகத்துல ரெண்டு பொண்ணும் சின்ன வயசுல ஊஞ்சல்ல ஆடுற இடத்துல பெட்டூனியாதான் பெரியவன்னு வருது. ஆக, பெரியப்பா.

ஷேக்ஸ்பியரோட ஹேம்லெட் நாடகத்துல ஒரு எடம். அப்பா செத்துட்டாரு, அப்பாவோட தம்பி அம்மாவ கல்யாணம் பண்ணிக்கிட்டான், ஹேம்லெட் வெறுப்போட அவன "அங்கிள்-அப்பா"ன்னு சொல்லுவான். இங்கிலீஷ்ல அந்த ரெண்டு வார்த்தையும் மோதுறதுதான் கத்தி. தமிழ்ல சித்தப்பாங்கிற வார்த்தைக்குள்ள அப்பா ஏற்கனவே உக்காந்திருக்காரு, கத்தி மழுங்கிப்போகும். சீனத்துலயும் ஷூஷுவுக்கு மரியாதையான எழுத்து வடிவம் ஷூஃபு, அதுல ஃபுன்னா அப்பாதான். ஒரு மொழில குத்துற வார்த்தை இன்னொரு மொழில சாதாரண உறவுப் பேரா இருக்கு.

வெளி ஆளக் கூப்பிடுறப்ப

உறவுமுறைச் சொல்லுக்கு ரெண்டு வேலை. ஒருத்தரப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேசுறது ஒண்ணு, நேருக்கு நேர் கூப்பிடுறது ஒண்ணு. கூப்பிடப் பயன்படுத்துற வார்த்தைக்கு விளின்னு பேரு. என் அனுபவத்துல சீன மாணவர்கள் அதிகமா தப்பு பண்றது இந்த விளிலதான்.

சீனாவுல சின்னப் பிள்ளைங்க போலீஸ்காரர "ஜிங்ச்சா ஷூஷு", போலீஸ் சித்தப்பான்னு கூப்பிடுவாங்க. மெக்டொனால்ட்ஸ் கோமாளி பொம்மைக்குக் கூட அங்க பேரு மெக்டொனால்ட்ஸ் ஷூஷு. அப்பா வயசுல இருக்கிற எந்த ஆம்பளையும் ஷூஷு, அப்பாவ விட மூத்தவரா தெரிஞ்சா போபோ. நம்ம ஊர்ல ஆட்டோக்காரர அண்ணன்னு கூப்பிடுறோம் இல்லையா, அதே மரியாத, அதே நெருக்கம். சிங்கப்பூர்ல இது இங்கிலீஷுக்குள்ளயும் வந்துருச்சு, உணவங்காடில காபி போடுறவர், டாக்ஸி ஓட்டுறவர் எல்லாரும் அங்கிள், சீனர், மலாய்க்காரர், தமிழர் மூணு பேரும் அப்படித்தான் கூப்பிடுவோம். இந்தியாவுலயும் பக்கத்து வீட்டுக்காரர் அங்கிள்தான்.

ஆனா லண்டன்லயோ நியூயார்க்லயோ வழி கேக்குறப்ப முன்னப்பின்ன தெரியாதவர அங்கிள்னு கூப்பிட்டா அவருக்கு புரியாது, இவன் யாரு நம்ம அண்ணன் பிள்ளையான்னு பாப்பாரு. அங்க "எக்ஸ்கியூஸ் மீ" போதும், மரியாத வேணும்னா "சார்". அங்கிள்ங்கிறது சொந்தக்காரருக்கும், ரொம்ப நெருங்கின குடும்ப நண்பருக்கும் மட்டும்தான். இது மனசு இல்லாத ஊரு, மரியாத தெரியாத ஊருன்னு என் மாணவர்கள் சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல, அங்க மரியாதைய காட்டுற வழி வேற, தள்ளி நின்னு பேசுறதும் ஒரு மரியாததான்.

அடுத்தது பேரு. சீனத்துல குடும்பப் பேரு முன்னாடி, வாங் ஷூஷு, லி ஷூஷு. அத அப்படியே மாத்தி "அங்கிள் வாங்"னு எழுதுவாங்க. சிங்கப்பூர்ல, ஹாங்காங்ல இது ஓடும், ஆனா இங்கிலீஷ்காரங்க வழக்கம் சொந்தப் பேரோட: அங்கிள் டேவிட், அங்கிள் பீட்டர். அங்கிள் ஸ்மித்னு பொதுவா வராது. இன்னொண்ணு, "மை செகண்ட் அங்கிள்". இது சீனத்துல ரொம்ப இயல்பு, ரெண்டாவது ஷூஷு. இங்கிலீஷ்ல படிக்கிறவருக்கு அது என்ன ரெண்டாவதுன்னே புரியாது. அத விட்டுட்டு "மை டாட்ஸ் பிரதர்"னு சொன்னா வேல முடிஞ்சுது. வழிய சொல்லணும்னா "மை மாம்ஸ் பிரதர்", கல்யாணத்துல வந்தவர்னா "அங்கிள் பை மேரேஜ்". இவ்வளவுதான், இங்கிலீஷ்ல தேவைப்படுறப்ப மட்டும் கூட ரெண்டு வார்த்தை சேத்துக்கணும், ரைஸ்க்கு சொன்னோமே அதேதான்.

எழுதுறப்ப ரெண்டு சின்ன விஷயம். சும்மா "என் அங்கிள்"னு எழுதினா முதல் எழுத்து சின்ன எழுத்து, பேரோட சேந்து அங்கிள் டேவிட்னு வந்தா பெரிய எழுத்து. முன்னாடி ஒருமைக் குறி வந்தா "ஆன் அங்கிள்", "எ அங்கிள்" கிடையாது, ஏன்னா வார்த்தை உயிரோசைல ஆரம்பிக்குது. சீனத்துல இந்தக் குறியே கிடையாதுங்கிறதால அடிக்கடி விட்டுப்போகும். உச்சரிப்புலயும் ஒரு சிக்கல் இருக்கு, பொதுச் சீனத்துல ஒரு அசை உயிர்லயோ, ன், ங், ர் மாதிரி ஓசைலயோதான் முடியும், ல் முடிவு கிடையவே கிடையாது, அதனால பல பேரு வாய்ல அது "அங்கோ"ன்னு வரும். நம்ம பால், கல், கள்னு சொல்லிப் பழகினவங்க, நமக்கு அந்தத் தொல்ல இல்ல. நான் சொல்லிக்குடுக்கிறது இதுதான், நாக்கு நுனிய மேல் பல்லுக்குப் பின்னாடி கொண்டுபோய் வச்சுட்டு அப்படியே நிறுத்துங்க, எடுக்காதீங்க.

சொந்தமே இல்லாத அங்கிள்கள்

அங்கிள் சாம்னா அமெரிக்க அரசாங்கம். நியூயார்க் மாநிலத்துல ட்ராய்ங்கிற ஊர்ல சாமுவேல் வில்சன்னு ஒருத்தர், பிரிட்டனோட நடந்த 1812 போர்ல அமெரிக்கப் படைக்கு இறைச்சி பீப்பாய் அனுப்பினவர், பீப்பாய்ல போட்டிருந்த யுஎஸ் முத்திரைய அங்கிள் சாம்னு ஆளுங்க படிச்சாங்கன்னு கதை. 1961ல அமெரிக்க காங்கிரஸ் அவரையே இந்தப் பேருக்கு மூலமா ஏத்துக்கிச்சு. சீனத்துல இதுக்கு ஷான்மு தாஷூ, அதாவது ஷூ வரிசைலயே வச்சிட்டாங்க. வியட்நாம் தலைவர் ஹோ சி மின்ன இங்கிலீஷ்ல அங்கிள் ஹோன்னு எழுதுவாங்க, ஆனா வியட்நாம் மொழில அவரு "பாக்" ஹோ, அப்பாவுக்கு மூத்தவர், பெரியப்பா. சீனர்களும் சரியா ஹூ போபோன்னுதான் எழுதுறாங்க, இங்கிலீஷ்லதான் அந்தப் "பெரிய" காணாமப் போச்சு.

"சே அங்கிள்"னா அமெரிக்கால தோத்துட்டேன்னு ஒத்துக்கோன்னு அர்த்தம், பிள்ளைங்க கட்டிப்புரண்டு சண்டை போடுறப்ப சொல்றது. "டச் அங்கிள்"னா மூஞ்சிக்கு நேரா கண்டிச்சுப் பேசுறவர். "பாப்ஸ் யுவர் அங்கிள்"னா பிரிட்டன்ல, அவ்வளவுதான் வேல முடிஞ்சுதுன்னு. இதெல்லாம் காதுல விழுந்தா புரிஞ்சா போதும், தெரிஞ்சு பேசணும்னு கட்டாயம் இல்ல.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல வெள்ளைக்காரங்க வயசான கறுப்பினத்தவங்கள அங்கிள், ஆன்ட்டின்னு கூப்பிட்டாங்க, பாசத்துல இல்ல, மிஸ்டர்னு மரியாதையா சொல்லக் கூடாதுங்கிறதுக்காக. 1852ல வந்த "அங்கிள் டாம்ஸ் கேபின்" நாவலோட தலைப்புல இருக்கிறது அந்த அங்கிள்தான். இன்னைக்கு ஒரு கறுப்பினத்தவர அங்கிள் டாம்னு சொன்னா அது கடுமையான அவமானம், வெள்ளைக்காரங்களுக்கு அடங்கிப்போறவன்னு அர்த்தம். அங்கிள் பென்ஸ்னு வித்துக்கிட்டிருந்த அரிசிக்கு 2020ல பேரு மாத்துறதா அறிவிச்சதுக்கும் இந்த வரலாறுதான் காரணம். சீனத்துல அந்த நாவல் 1901ல லின் ஷூவும் வெய் யீயும் மொழிபெயர்த்து வந்தப்ப, கறுப்பு அடிமைகள் வானத்த நோக்கி அழுறதா அர்த்தம் வர்ற தலைப்பு வச்சாங்க. பின்னாடி வந்த மொழிபெயர்ப்புல "தாங்மு ஷூஷு"ன்னு, டாம் சித்தப்பான்னு ஆயிருச்சு. ஷூஷுங்கிறது சீனக் காதுக்கு இனிமையான வார்த்தை. அந்த இனிமைல அசல் வார்த்தைக்குள்ள இருந்த அவமரியாத தெரியாமலே போயிருது, அதனால இந்த ஒரு விஷயத்த நான் வகுப்புல கண்டிப்பா தனியா எடுத்துச் சொல்லிடுவேன்.

அந்த சிச்சுவான் அம்மா அடுத்த சனிக்கிழமை வந்தப்ப நோட்ட நீட்டினாங்க. புத்தகத்துல இருந்த படத்த அப்படியே பென்சில்ல வரைஞ்சு, மீசக்காரருக்குக் கீழ இங்கிலீஷ்ல "அங்கிள்"னு ஒரு வார்த்தை, பக்கத்துல சீன எழுத்துல அஞ்சு பேரும் வரிசையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். எந்தக் கட்டத்துலயும் டிக் போடல. "இப்படி விட்டுடலாம்ல, லாவ்ஷி?"ன்னு கேட்டாங்க. விட்டுடலாம்மான்னேன். நோட்ட மூடி பைல வச்சிட்டு, ஆன்ட்டிக்கும் இப்படி அஞ்சு கட்டம் வேணுமான்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் விரல் விட்டு எண்ணிப் பாத்தோம், அஞ்சுதான்.